யாருடைய நிம்மதிக்கு இந்தப் பொத்தான்? ஃபேஸ்புக் ‘சேஃப்டி செக்’ சேவை பற்றி ஒரு மதிப்புரை

ஃபேஸ்புக்கின் ‘சேஃப்டி செக்’ சேவையை நான் இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன். முதல் முறை, வெள்ளம் புகுந்த ஊருக்குள் இருந்தபடி; இரண்டாம் முறை, மண்சரிவு நேர்ந்த ஊருக்கு வெகு தொலைவில், காய்ந்த தரையில் உட்கார்ந்தபடி. முதல் முறை பொத்தானை அழுத்திய அடுத்த நிமிடமே அதை மறந்துவிட்டேன். இரண்டாம் முறை இரண்டு நாள் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சேவை அதேதான், ஆளும் நான்தான். நான் இருந்த இடம் மட்டுமே மாறியிருந்தது. ஆகவே இந்த மதிப்புரை, சேவை ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைவிட, அது யாருக்காக வேலை செய்கிறது என்பதைப் பற்றியே அதிகம் பேசும்.

பயன்படுத்தியிராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 9.0 அளவிலான நிலநடுக்கமும் அதையடுத்து ஆழிப்பேரலையும் ஏற்பட்டபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுத்ததால், கைப்பேசி நிறுவனங்கள் குரல் அழைப்புகளில் 70 முதல் 95 விழுக்காடு வரை தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. இணையவழிச் செய்திகளோ பெரும்பாலும் தடையின்றிச் சென்றன. அந்த அனுபவத்திலிருந்து அங்கிருந்த ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஒரு பேரிடர்ச் செய்திப் பலகையை உருவாக்கினார்கள். அதன் வளர்ச்சியாகவே 2014 அக்டோபரில் ‘சேஃப்டி செக்’ அறிமுகமானது. நீங்கள் குறிப்பிட்டுள்ள ஊர், கைப்பேசி காட்டும் இடம், நீங்கள் இணையத்துக்குள் நுழையும் நகரம் ஆகியவற்றை வைத்து, நீங்கள் பேரிடர்ப் பகுதிக்குள் இருக்கலாம் என்று கணித்து, ‘பத்திரமாக இருக்கிறீர்களா?’ என்று அது கேட்கும். ‘பத்திரமாக இருக்கிறேன்’ என்றோ ‘அந்தப் பகுதியில் இல்லை’ என்றோ ஒரு தொடுகையில் பதில் சொல்லலாம். பதில் உங்கள் நண்பர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோதுதான் இந்தச் சேவை பரவலாக அறியப்பட்டது. அந்நிறுவனம் சொன்ன கணக்கின்படி அப்போது 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பத்திரமாக இருப்பதாகக் குறிக்கப்பட்டார்கள். அச்செய்தி 15 கோடிக்கும் மேற்பட்ட நண்பர்களைச் சென்றடைந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒருவர் அழுத்தினால் வெளியே ஏறக்குறைய இருபது பேருக்கு மூச்சு வருகிறது. சேவையின் உண்மையான பயனாளிகள் யார் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை; பொருளின் பெயர்ப்பலகையில் இதை எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

என் முதல் அனுபவத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டு வாசலுக்கு ஏழு படிகள். அன்று பிற்பகல் தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டிருந்தது. மூன்றாம் படியின் முகப்பில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரரும் தம் வீட்டுத் தூணில் அப்படியே ஒரு கோடு போட்டிருந்தார். அவருடைய தூண் எங்கள் படியைவிடச் சற்றுப் பள்ளத்தில் இருந்ததால், அவர் கோடு நனைந்த பிறகுதான் என் கோடு நனையும் என்ற கணக்கில், “கோடு நனஞ்சிடுச்சா?” என்று நான் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வடக்கே இருக்கும் ஆற்றிலிருந்து வருவதில்லை. தெற்கே இருக்கும் வாய்க்கால் நிறைந்தால்தான் வரும். அந்த வாய்க்கால் நிறைவதற்கு மழை நின்ற பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். இவை எதுவும் எந்த வரைபடத்திலும் இல்லை. அந்தத் தெருவில் இருபது வருடம் குடியிருந்தவர்களின் தலைக்குள் இருக்கின்றன.

அதே நேரத்தில் தொலைக்காட்சியில், எங்கள் வீட்டிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தாழ்வான ஒரு சந்திப்பில், கூரை மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்த பேருந்து ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்த அக்கா ஒரு மணி நேரத்தில் ஆறு முறை அழைத்தார். “டிவியில ஊரே மூழ்கிக் கெடக்கு, நீ என்னடான்னா படியில கோடு போட்டிருக்கேங்கிறே!” என்று கோபித்துக்கொண்டார். அவர் பார்த்த பேருந்தும் உண்மை, நான் போட்ட கோடும் உண்மை. ஆனால் ஊரின் பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதாக அவருக்குத் தோன்றியது. அக்காவுக்குப் பிறகு சித்தப்பா, அவருக்குப் பிறகு பள்ளித் தோழன் என்று அழைப்புகள் தொடர்ந்தன. மின்சாரம் இல்லாத வீட்டில் கைப்பேசி மின்கலத்தில் 18 விழுக்காடு மிஞ்சியிருந்தபோது அந்த அறிவிப்பு வந்தது. அழுத்தினேன். கால் மணி நேரத்துக்குள் அழைப்புகள் ஓய்ந்துவிட்டன. இந்தச் சேவைக்கு நான் மனதாரக் கொடுக்கும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான். பேரிடரில் சிக்கியவருக்கு வெளியூர் அக்கறையால் வரும் முதல் சேதம் மின்கலம் தீர்வதுதான். அந்தச் சேதத்தை இது ஒரே தொடுகையில் நிறுத்துகிறது.

ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு என் கோடு நனைந்தது. ஒன்பது மணிக்குத் தண்ணீர் ஐந்தாம் படிக்கு வந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் ஒருவர்கூட அழைக்கவில்லை, ஏனென்றால் உலகத்தின் பார்வையில் நான் நாலேகால் மணிக்கே பத்திரமாகிவிட்டிருந்தேன். இது சேவையின் குற்றமன்று. வாய்க்கால் நிறையும் நேரத்தை அறிந்திருந்தும் அவசரப்பட்டு அழுத்திய என் குற்றம். எனினும் ‘பத்திரம்’ என்பது ஒரு முறை சொல்லி முடித்துவிடும் சொல்லன்று என்பதை யாரும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நேபாளத்தில் ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு, மே 12 அன்று 7.3 அளவில் இன்னொன்று வந்தது. பேரிடருக்குள் இருப்பவர் தம் நிலையை மணிக்கணக்கில் அளக்கிறார். வெளியே இருப்பவருக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ போதும். பொத்தான் இரண்டாமவரின் மொழியில் செய்யப்பட்டிருக்கிறது.

தூரத்தை அளக்கும் விதத்திலும் இதே வேறுபாடுதான். 2018 மே 3 அன்று ஹவாய்த் தீவில் கிலாவேயா எரிமலையின் கீழ்ச்சரிவில், குடியிருப்புகளுக்கு நடுவே தரை பிளந்து எரிமலைக் குழம்பு வெளிவரத் தொடங்கியது. சில மாதங்களில் அது சுமார் 700 வீடுகளை விழுங்கியது. மூடிய நிலப்பரப்பு ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர். அந்தத் தீவின் பரப்போ 10,400 சதுர கிலோமீட்டர். வெளியே இருந்தவர்களுக்கு ‘ஹவாய்’ என்ற பெயரே எரிந்துகொண்டிருந்ததால், தீவின் மறுகரையில் இருந்த விடுதிகளுக்கும் பயணிகள் வரத்துக் குறைந்தது. மறுகரையில் இருந்தவர் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். குழம்பின் பாதையில் வீடு இருந்தவர் எந்தத் தெருவில் எத்தனையாவது பிளவு திறந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். இந்த இருவரையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்து ஒரே கேள்வியைக் கேட்கும் எந்தச் சேவையும், பாதிக்கப்படாதவரிடமிருந்து ஏராளமான ‘பத்திரம்’களைப் பெற்று, அவற்றால் பாதிக்கப்பட்டவரின் மௌனத்தை மறைத்துவிடும் அபாயம் இருக்கிறது.

இதற்கு மாறாக, வெளியாள் என்றாலே பதறுபவர் என்றும் சொல்ல முடியாது. 2011 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 5.8 அளவில் நிலம் அதிர்ந்தபோது, கிழக்குக் கரை நகரங்களில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். நிலநடுக்கத்தோடு பழகிய கலிபோர்னியாக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சாய்ந்து கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் படமும் ‘மீண்டும் கட்டியெழுப்புவோம்’ என்ற கேலி வாசகமும் இணையமெங்கும் சுற்றின. ஆனால் கிழக்கின் பாறை பழையது, இறுகியது; அதில் அதிர்வு வலுக்குறையாமல் வெகுதூரம் பயணிக்கும். வாஷிங்டன் நினைவுத்தூணில் விரிசல் விழுந்து, 2014 வரை அது மூடிக் கிடந்தது. சிரித்தவர்கள் தங்கள் ஊர் மண்ணை வைத்து அடுத்த ஊர் மண்ணை அளந்துவிட்டார்கள். அனுபவசாலியான வெளியாள் பதறும் வெளியாளைவிடச் சில சமயம் மோசமான துணை.

அந்த நிலநடுக்கத்தின்போதுதான் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் ‘டிட் யூ ஃபீல் இட்?’ என்ற இணையச் சேவையை நான் முதன்முதலில் கவனித்தேன். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் தங்கள் அனுபவத்தைப் பதிந்திருந்தார்கள். நலமா என்று அது கேட்பதில்லை. அதிர்வை உணர்ந்தீர்களா, தூங்கிக்கொண்டிருந்தீர்களா, நிற்கச் சிரமமாக இருந்ததா, அலமாரியிலிருந்து பொருள்கள் விழுந்தனவா என்று வரிசையாகக் கேட்டு, வரும் பதில்களை நில அதிர்வின் செறிவாக மாற்றி வரைபடத்தில் நிறம் தீட்டுகிறது. என் சுண்ணக்கட்டிக் கோட்டைப் புரிந்துகொள்ளும் சேவை ஒன்று உண்டென்றால் அது இந்த இனத்தைச் சேர்ந்தது. ஆனால் இத்தகைய வரைபடங்களில் ஒரு விசித்திரம் உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடத்திலிருந்து தொடக்கத்தில் பதிவுகளே வராது. சுற்றிலும் நிறம் நிறைந்திருக்க, நடுவில் மட்டும் வெறுமை இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு மின்சாரம் இராது, தொடர்பு இராது, படிவம் நிரப்பும் மனநிலையும் இராது. அந்த வெறுமையைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதுதான் வரைபடத்தின் மிக முக்கியமான செய்தி.

அந்த வெறுமையை நான் தனிப்பட்ட முறையில் படிக்க நேர்ந்தது இரண்டாம் முறை. அண்ணன் குடியிருந்த மலைப்பகுதியில் மண் சரிந்தது. அண்ணனின் நண்பர்களில் பலர் வரிசையாகப் பத்திரம் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். அவர்களில் இருவர் அந்த மலைக்குப் போயே பல வருடம் ஆனவர்கள் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் பெயருக்கு எதிரில் ஒன்றுமில்லை. மற்றவர்கள் பெயரில் குறி விழ விழ, அவர் பெயருக்கு எதிரிலிருந்த காலியிடம் எனக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. சேவை இல்லாத காலத்தில் ‘செய்தி இல்லை’ என்பது எல்லோருக்கும் பொதுவான நிலை. இப்போது அது அவர் ஒருவருக்கு மட்டுமான நிலையாகிவிட்டது. இரண்டாம் நாள் மாலை அவரே அழைத்தார். மேல்தெருவிலிருந்து நடக்க முடியாத இரண்டு முதியவர்களை நாற்காலியோடு தூக்கி வந்ததாகவும், கைப்பேசி வீட்டில் எங்கேயோ கிடந்ததாகவும் சொன்னார். நான் பொத்தானைப் பற்றிப் புலம்பியதும், “ஏண்டா, மண்ணு சரிஞ்சது ஓடைக்கு அந்தாண்ட. நம்ம வீடு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா?” என்றார். பதினேழு வயது வரை அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். தொலைவுக்குப் போனவனுக்கு ஓடை மறந்து, ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது.

இதையெல்லாம் வைத்து உள்ளூர்க்காரர் சொல்வதே எப்போதும் சரி என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை புகையத் தொடங்கியபோது, அடிவாரத்தில் ஸ்பிரிட் ஏரிக்கரையில் விடுதி நடத்திவந்த 83 வயது ஹாரி ட்ரூமன், இந்த மலையை எனக்குத் தெரியாதா என்ற தோரணையில் வெளியேற மறுத்தார். அவரை நாடு முழுவதும் கொண்டாடியவர்கள் யார் என்று பார்த்தால், மலையை ஒருமுறைகூடப் பார்த்திராத வெளியாட்கள்; பள்ளிப் பிள்ளைகள்கூட அவருக்குக் கடிதம் எழுதினார்கள். தடைசெய்யப்பட்ட பகுதியில் வீடு வைத்திருந்த மற்றவர்களும் உடைமைகளை எடுத்துவர அனுமதி கேட்டு நெருக்க, மே 17 அன்று ஒரு குழுவை உள்ளே விட்டார்கள். அடுத்த குழுவை மறுநாள் காலை பத்து மணிக்கு விடுவதாக இருந்தது. மறுநாள் காலை 8.32க்கு மலையின் வடக்கு முகம் சரிந்து வெடித்தது. ட்ரூமன் உட்பட 57 பேர் மாண்டார்கள். பழக்கம் கோடு போடக் கற்றுக்கொடுக்கும். கோட்டைத் தாண்டி வரக்கூடிய ஒன்றை அது கற்பிக்காது. அப்படிப்பட்ட நேரத்தில், ஒரு மணி நேரத்தில் ஆறு முறை அழைக்கும் அக்கா தேவைப்படுகிறார்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஜப்பானின் 171 சேவையைச் சொல்ல வேண்டும். 1995 ஜனவரியில் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது தொலைபேசிக் கட்டமைப்பு திணறியதிலிருந்து பாடம் கற்று, 1998இல் தொடங்கப்பட்ட பேரிடர்ச் செய்திப் பதிவு எண் அது. பெரிய பேரிடர் நேரும்போது அது திறக்கப்படும். 171ஐ அழைத்து, பதிவதற்கு 1ஐயும் கேட்பதற்கு 2ஐயும் அழுத்தி, பாதிக்கப்பட்ட பகுதியில் இருப்பவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால், 30 விநாடிக்குள் அடங்கும் செய்தியைக் குரலிலேயே விட்டுச்செல்லலாம். அந்த எண்ணை அறிந்தவர்கள் ஜப்பானுக்குள் எங்கிருந்தும் கேட்டுக்கொள்ளலாம். 30 விநாடி என்பது என் கோட்டைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் சொல்லிவிடத் தாராளமான நேரம். இதில் யாரும் யாரையும் நலமா என்று துரத்துவதில்லை; சொல்ல வேண்டியதை உள்ளே இருப்பவர் தம் வசதிப்படி சொல்கிறார், கேட்க வேண்டியவர் தேடி வந்து கேட்கிறார். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் யார் வேண்டுமானாலும் இதைப் பழகிப் பார்க்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். பேரிடர் வந்த பிறகு அறிமுகமாகும் சேவைக்கும், குடும்பமே உட்கார்ந்து முன்கூட்டிப் பழகிய சேவைக்கும் உள்ள வேறுபாடு, அன்றைக்குக் கை நடுங்கும்போது தெரியும். குறையும் இல்லாமல் இல்லை. எண்ணை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். இன்றைய தலைமுறையில் எத்தனை பேருக்கு உடன்பிறந்தவரின் எண் தெரியும் என்பது சந்தேகமே.

‘சேஃப்டி செக்’ சேவையோடு 2017இல் உதவி கேட்பதற்கும் தருவதற்குமான பகுதி ஒன்றும் இணைக்கப்பட்டது. உறைவிடம், குடிநீர், போக்குவரத்து என்று உள்ளவர் அறிவிக்கலாம், தேவைப்படுபவர் தேடலாம். எண்ணம் நல்லது. அந்தப் பகுதியை நான் பயன்படுத்தியதில்லை என்பதால் மதிப்பெண் போடவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். தொலைவில் இருப்பவர்களின் பதற்றத்தைத் தணித்து, அருகில் இருப்பவர்களின் தொலைபேசியை விடுவிக்கும் கருவி என்ற அளவில் இது ஐந்துக்கும் தகுதியானது. பேரிடரின் நிலவரத்தை அறியும் கருவியாக எடுத்துக்கொண்டால் இரண்டுக்கு மேல் தேறாது. உள்ளே இருப்பவர்கள் அழுத்துவதற்கு முன் இன்னும் சில மணி நேரத்தில் என்ன நடக்கலாம் என்று யோசித்து அழுத்துங்கள். நிலைமை மாறினால் தனியாக ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். வெளியே இருப்பவர்கள் குறி விழாத பெயரைப் பார்த்ததும் மோசமானதையே நினைக்க வேண்டியதில்லை, குறி விழுந்த பெயரைப் பார்த்ததும் மறந்துவிடவும் வேண்டியதில்லை.

அண்ணன் இன்றுவரை அந்தப் பொத்தானை அழுத்தியதில்லை. அழுத்தும்படி நானும் இப்போது கேட்பதில்லை. கனமழை என்றால் காலையும் மாலையும் ஒரு வரி அனுப்ப வேண்டும், அதில் ஓடையைப் பற்றி ஏதாவது இருக்க வேண்டும் என்று மட்டும் பேசி வைத்திருக்கிறோம். போன மழைக்கு அவரிடமிருந்து வந்தது: “ஓடை கலங்கி வருது, சத்தம் கூடுது. அந்த ரெண்டு பேரையும் இப்பவே கீழ கூட்டிட்டு வர்றேன். மணி 4.10.”